பிள்ளைகள்: இல்லை

ஜெபதுரை, மனைவி இன்பராணிக்கு

பர்மிங்காம்
8.3.1970

பிரியமுள்ள இன்பராணிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் நம் சுகிர்தமும் சுகமாயிருக்க தினமும் ஜெபித்துக்கொள்கிறேன்.

நல்ல செய்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். வீடு கிடைத்துவிட்டது. முழு வீடு இல்லை. மாடியில் ஒரு அறை, அதில் அடுப்பு வைக்க ஒரு மூலை. குளிக்கக் கீழே போக வேண்டும். இரண்டு வருஷமாக ஏழு ஆம்பிளைகளோடு ஒரே வீட்டில் இருந்தேன். பகல் வேலைக்காரன் எழுந்துபோன கட்டிலில் அவன் சூடு ஆறுவதற்குள் நான் படுப்பேன். உனக்கு இதை எழுதியதில்லை. அந்த விலாசத்தைக் காட்டி மனைவியைக் கூப்பிட முடியாது.

விசா ஆபீசில் கேட்பது, உன்னை வைத்துச் சோறுபோட எனக்கு வருமானம் இருக்கிறதா, உன்னைத் தங்கவைக்க இடம் இருக்கிறதா என்பதுதான். இரும்பு உருக்கும் கம்பெனியில் வாரம் இருபத்திரண்டு பவுன் சம்பளம் என்று மேனேஜர் கையெழுத்தோடு காகிதம் வாங்கிவிட்டேன். பாங்குப் புத்தகத்தைப் படியெடுத்தாயிற்று. வீட்டுக்காரியின் கடிதம் ஒன்றுதான் பாக்கி. மிஸஸ் ஹார்ப்பர் என்று ஒரு வெள்ளைக்கார விதவை. என்னை நிற்கவைத்தே அரைமணி நேரம் கேள்வி கேட்டாள். குடிப்பாயா, மீன் பொரிப்பாயா, யார் யார் வந்துபோவார்கள் என்று. அவளுக்குப் பிடித்த பதிலையே சொல்லிவந்தேன்.

நீ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடு. சர்ச் ஐயரிடம் கல்யாணச் சான்று வாங்கு. சுகிர்தத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

என் அக்காளுக்கும் மச்சானுக்கும் என் தோத்திரம் சொல்லவும்.

உன் ஜெபதுரை


இன்பராணி, கணவன் ஜெபதுரைக்கு

அருப்புக்கோட்டை
2.4.1970

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் சுகிர்தமும் சுகம். தாங்கள் சுகம் கெடாமல் இருக்க வேண்டும். கட்டில் விஷயத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குத் தையல் ஓடவில்லை.

ஐயர் சான்று எழுதித் தந்துவிட்டார். 1966 மே மாதக் கல்யாணம், இரண்டு சாட்சிகள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்காக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மனு எழுதுகிற சங்கையாவிடம் போனேன். "கூடப் போற பிள்ளை உண்டாம்மா?" என்று கேட்டார். "ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு" என்றேன். "அப்ப பிள்ளை படமும் வேணும். வீட்டுக்காரரு அனுப்புற காயிதத்துலயும் பிள்ளை பேரு இருக்கணும். கேட்டு எழுதிப்போடுங்க" என்றார்.

அதனால் கேட்கிறேன். அவள் பெயரையும் சேர்த்துத்தானே எழுதியிருக்கிறீர்கள்?

ஆகஸ்டு வந்தால் மூன்று வயது. நீங்கள் கப்பல் ஏறும்போது ஆறு மாதக் குழந்தை. இன்று காலையில் என் தையல் டேப்பை எடுத்து அடுத்த வீட்டுப் பூனையை அளந்துவிட்டு, "அதுக்கு பாவாடை தச்சுக் குடும்மா" என்றாள். உங்கள் படத்தைக் காட்டினால் அப்பா என்கிறாள். அந்த ஊரில் குளிர் என்கிறார்கள். அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்திருக்கிறேன். கை அளவு எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை. நாம் போய்ச் சேரும்போது வளர்ந்திருப்பாளே.

உடனே பதில் போடுங்கள். சங்கையா காத்திருக்கிறார்.

தங்கள் அன்பு மனைவி
இன்பராணி


ஜெபதுரை, இன்பராணிக்கு

பர்மிங்காம்
20.6.1970

பிரியமுள்ள இன்பராணிக்கு,

தேவ கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். உன் கடிதம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. வேலை மும்முரத்தில் பதில் தாமதமாகிவிட்டது.

வீட்டுக்காரியின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் புரியும், அதனால் தமிழில் சொல்லிவிடுகிறேன். 'இந்த அறையில் கணவனும் மனைவியும் மட்டும் குடியிருக்கச் சம்மதிக்கிறேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.' அப்படி எழுதியது அவள், நான் இல்லை. முதல் நாளே பிள்ளை உண்டா என்று கேட்டாள். இந்த ஊரில் வாடகை அட்டையிலேயே பிள்ளைகள் வேண்டாம் என்று எழுதித் தொங்கவிடுகிறார்கள். இவள் வீட்டுக்கு முன்னால் பதினொரு கதவைத் தட்டினேன். அதில் ஒன்பது என் நிறத்தைப் பார்த்ததுமே மூடிவிட்டது.

ஆகையால் உன் விசா பாரத்தில் பிள்ளைகள் என்று கேட்டிருக்கும் இடத்தில் 'இல்லை' என்று எழுது. ஒரே ஒரு வார்த்தை. வீட்டுக் கடிதமும் உன் பாரமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு வருஷம் இரண்டு பேரும் உழைத்தால் சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர்ந்துவிடும். பிறகு சுகிர்தத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதுவரை அக்காள் சவுந்தரம் ரெட்டியபட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

சங்கையாவிடம் பிள்ளை இருப்பதாகச் சொல்லிவிட்டாய். இனி அவரிடம் போகாதே. விருதுநகரில் வேறு ஆளைப் பார்.

உன் ஜெபதுரை


இன்பராணி, ஜெபதுரைக்கு

அருப்புக்கோட்டை
5.7.1970

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு இருவரும் சுகம். இருவரும் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

நான் விருதுநகர் போகவில்லை. 'இல்லை' என்று எழுத எனக்குக் கை வராது. நாலு நாள் வலியில் கிடந்து அவளைப் பெற்றபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் நீங்கள்தானே. அவளுக்குப் பேர் வைத்தவரும் நீங்கள்தான்.

இரண்டரை வருஷம் காத்திருந்துவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க எனக்குச் சம்மதம். பன்னிரண்டாவது கதவு பிள்ளைக்குத் திறக்கவில்லை என்றால் பதின்மூன்றாவதைத் தட்டுங்கள். மூன்று பேருக்கு இடம் கிடைக்கிற அன்றைக்குக் கூப்பிடுங்கள், வாரேன்.

இன்னொன்று. உங்கள் பக்கத்திலும் ஒரு பாரம் உண்டு, சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சங்கையா சொல்லியிருந்தார். அதில் பிள்ளைகள் பற்றி என்ன எழுதப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

பதிலை எதிர்பார்க்கும்
இன்பராணி


சவுந்தரம், தம்பி மனைவி இன்பராணிக்கு

எம்.ரெட்டியபட்டி
28.9.1970

அன்பான இன்பராணிக்கு அக்காள் சவுந்தரம் எழுதுவது. இங்கே நானும் இவர்களும் சுகம். மழை இல்லை. பருத்தி போட்டது போட்டபடி நிற்கிறது.

தம்பியிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை என்று ஆள் மூலம் சொல்லிவிட்டாயாம். எனக்கு வந்திருக்கிறது. உனக்கு எழுதக் கூச்சப்பட்டு என்னைச் சொல்லச் சொல்லியிருக்கிறான். அவன் மே மாதமே வக்கீல் முன்னால் பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணி, பிள்ளைகள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். உன்னிடம் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்தாயிற்று. இப்போது நீ உண்டு என்று எழுதினால் அவன் பொய்ச் சத்தியம் செய்தவன் ஆகிவிடுவான். வேலை போகும், ஜெயிலும் உண்டாம். புருஷனை நீயே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

உனக்கென்ன பயம்? நான் இருக்கிறேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், என் வீட்டில் தொட்டில் கட்டியதில்லை. உன் பிள்ளையைத் தரையில் விடுவேனா? அதுவும் ஒரு வருஷம்தானே.

நேற்று நரிக்குடிச் சந்தைக்குப் போய் இவர்கள் பால்மாடு ஒன்று பிடித்து வந்துவிட்டார்கள். "இன்பராணி இன்னும் சம்மதிக்கலையே"ன்னேன். "சம்மதிப்பா, பிள்ளைக்குப் பாலு வேணும்ல"ங்கிறார்கள். மாடு கன்றோடு நிற்கிறது. உன் முடிவைச் சீக்கிரம் சொல்லிவிடு.

உன் நன்மையை நினைக்கும்
சவுந்தரம்


இன்பராணி, ஜெபதுரைக்கு

அருப்புக்கோட்டை
14.12.1970

அத்தானுக்கு,

சுகம். தங்கள் சுகமும் அறிய வேண்டும்.

மெட்ராஸ் போய் வந்தேன். விசா கிடைத்துவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன், நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வெள்ளைக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழ் அம்மாள். உங்கள் சம்பளக் காகிதம், பாங்குப் படி, வீட்டுக் கடிதம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் எத்தனை அறை, வீட்டுக்காரி பேர் என்ன என்று. சொன்னேன். பிறகு என் பாரத்தைப் பார்த்தார்.

"கல்யாணமாகி நாலரை வருசம் ஆச்சு. பிள்ளை இல்லையா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லை."

"பொறந்து தவறிப் போச்சா?"

"இல்லை."

"ஏன்னு கேக்குறாரு" என்று அந்த அம்மாள் கூச்சத்தோடு சொன்னார்.

"ஆண்டவர் கொடுக்கலை" என்றேன்.

வெள்ளைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு இரக்கமாக என்னவோ சொன்னார். "வருத்தப்படாதீங்கம்மா, அங்க நல்ல டாக்டருமாரு இருக்காங்கன்னு சொல்றாரு" என்றார் அந்த அம்மாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் முத்திரை குத்தினார் என்று நினைக்கிறேன்.

மே மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஜூன் மாதம் என்னிடம் சம்மதம் கேட்டீர்கள். அதை நேரில் கேட்க வேண்டும் என்று இருந்தேன். இனிமேல் கேட்க மாட்டேன். நானும் எழுதிவிட்டேனே.

பிப்ரவரியில் வாரேன்.

இன்பராணி


இன்பராணி, சவுந்தரத்துக்கு

பர்மிங்காம்
18.4.1971

அன்புள்ள மதினிக்கு,

தோத்திரம். நாங்கள் சுகம். அண்ணனும் நீங்களும் என் தங்கமும் சுகமா?

நான் வந்து எட்டு வாரம் ஆகிறது. இது நாலாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால் தவறுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

இங்கே ஒரு துணிக் கம்பெனியில் மெஷின் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அவர் போகும்போது நான் வருகிறேன், நான் போகும்போது அவர் வருகிறார். மிஸஸ் ஹார்ப்பர் நல்ல மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை தேநீர் கொடுத்து, "குழந்தைகள் இல்லாத வீட்டில் எவ்வளவு அமைதி பார்" என்றாள். எந்நேரமும் அறையைப் பார்க்க வருவாள் என்று இவர் சொன்னதால், சுகிர்தத்தின் படத்தை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.

அவள் தூங்கும்போதே புறப்பட்டுவிடு என்றீர்கள். நானும் புறப்பட்டுவிட்டேன். பஸ் அருப்புக்கோட்டை தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. மதினி, அவள் எழுந்ததும் என்ன கேட்டாள்? வேறு ஒன்றும் எழுத நேரமில்லை என்றாலும் இதை மட்டும் எழுதுங்கள். என்ன கேட்டிருந்தாலும் எழுதுங்கள்.

அவளுக்குப் பாவாடைத் துணியும் ஒரு பொம்மையும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

என்றும் மறவாத
இன்பராணி


சவுந்தரம், இன்பராணிக்கு

திருச்சுழி
10.7.1972

அன்பான இன்பராணிக்கு,

சுகம், சுகத்துக்கு எழுதவும். இடையில் இரண்டு முறை நாலு வரி எழுதிப்போட்டேன், வந்திருக்கும். இப்போதுதான் சாவகாசமாக உட்கார முடிந்தது.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ரெட்டியபட்டி வீட்டை விட்டுவிட்டோம். இவர்கள் திருச்சுழியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை போட்டிருக்கிறார்கள். வியாபாரம் சுமார்தான். ஆனால் இங்கே யாருக்கும் பழைய கதை எதுவும் தெரியாது. பிள்ளைக்கு அதுதான் நல்லது. அங்கே என்றால் கிணற்றடியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். "தகப்பன் பேரு?" என்று வாத்தியார் கேட்டார். தம்பி பேரைச் சொல்ல முடியாது அல்லவா? நீங்கள் இரண்டு பேரும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், நாளைக்கு யாராவது தோண்டினால் உங்களுக்குத்தான் கெடுதல். அதனால் இவர்கள் தன் பேரையே "செல்வதுரை"ன்னு சொல்லிவிட்டார்கள். காகிதத்துக்குத்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே.

பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிடுகிறது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகளைப் பார்த்துத் தானாகக் கூப்பிடுகிறது. கூப்பிடாதே என்று அடிக்கவா முடியும்?

எழுந்ததும் என்ன கேட்டாள் என்று போன வருஷம் கேட்டிருந்தாய். மூன்று நாள் உன்னைக் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

பொம்மை நன்றாக இருக்கிறது. மாமா அனுப்பினார் என்று சொல்லிக் கொடுத்தோம்.

உன் மதினி
சவுந்தரம்


இன்பராணி, சவுந்தரத்துக்கு

பர்மிங்காம்
3.9.1973

அன்புள்ள மதினிக்கு,

தோத்திரம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதவும்.

மேயில் எங்களுக்கு ஆண்குழந்தை பிறந்ததை இவர் எழுதியிருப்பார். சாமுவேல் என்று பேர். வயிறு தெரிந்ததும் மிஸஸ் ஹார்ப்பர் காலி செய்யச் சொல்லிவிட்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. கடன் வாங்கிச் சொந்த வீடு வாங்கிவிட்டோம். மூன்று அறை. ஒன்றில் சுகிர்தத்துக்குக் கட்டில் போட்டாயிற்று.

ஜூனில் அவளுக்கு விசா கேட்டு எழுதினோம். பழைய பாரத்தில் பிள்ளை இல்லை என்கிறீர்கள், இப்போது ஆறு வயதுப் பிள்ளை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரிக்குப் பயந்து பொய் எழுதினோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். இவர் மூன்று நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டார். அருப்புக்கோட்டை ஐயரிடம் நேராகக் கேட்டு ஞானஸ்நானச் சான்றும் வாங்கி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தச் சான்றில் உள்ள பிள்ளைதான் இந்தப் பிள்ளை என்று யார் சொல்வது? பள்ளிக்கூடத்தில் வேறு தகப்பன் பெயர் இருக்கிறது என்கிறார்கள். ஊருக்கே வந்து விசாரிப்பார்களாம்.

மதினி, உங்கள் வாயில்தான் இருக்கிறது. வருகிறவர்களிடம், இது என் தம்பி பிள்ளை, நான் வளர்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சுகிர்தத்திடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திடீரென்று கேட்டால் பயந்துவிடுவாள். இரண்டரை வருஷம் என் பிள்ளையைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இன்பராணி


சவுந்தரம், இன்பராணிக்கு

திருச்சுழி
22.2.1974

அன்பான இன்பராணிக்கு,

இங்கு மூவரும் சுகம். மருமகன் சாமுவேல் தவழ்கிறானா?

பொங்கல் கழிந்து இரண்டாம் வாரம் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து சிலேட்டைக்கூட வைக்கவில்லை. நான் எதுவும் சொல்லிவைக்கவில்லை. சொல்லிவைத்தால் பொய் சொல்லப் பழக்கின மாதிரி ஆகும் என்று விட்டுவிட்டேன்.

"பாப்பா, ஒங்கம்மா யாரு?" என்று கேட்டார்கள்.

"இந்தா நிக்கிறாக."

"அப்பா?"

"கடையில இருக்காக."

"ஜெபதுரைன்னா யாருன்னு தெரியுமா?"

"சீமையில இருக்குற மாமா. பொம்மை அனுப்புவாக."

"இன்பராணி?"

"அது அத்தை."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பெத்த பிள்ளையா?" என்றார்கள். பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தது. அதன் முன்னால் என்ன சொல்லச் சொல்கிறாய்? "எம் பிள்ளைதான்"னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆண்டவர் கொடுக்கவில்லை என்று நீ மெட்ராசில் சொன்னதாகத் தம்பி எழுதியிருந்தானே. அதைவிடவா நான் பெரிதாகச் சொல்லிவிட்டேன்?

வந்தவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

மனசைத் தேற்றிக்கொள். உனக்கு மடியில் ஒன்று இருக்கிறது.

சவுந்தரம்


ஜெபதுரை, அக்காள் சவுந்தரத்துக்கு

பர்மிங்காம்
9.5.1974

அன்புள்ள அக்காளுக்கு,

மச்சானும் நீயும் சுகமாயிருக்க வேண்டும். இதைக் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. இன்பராணிக்குத் தெரிய வேண்டாம்.

விசா இல்லை என்று முடிவு வந்துவிட்டது. மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே போட்டிருந்தது. இன்பராணி வக்கீல் ஒருவரைப் பிடித்து எட்டுப் பக்கத்துக்கு எழுதவைத்து, கவரை ஒட்டி என்னிடம் கொடுத்துவிட்டாள். அந்த வக்கீல் என்னைத் தனியாக நிறுத்தி, இதை அனுப்பினால் நீ முதலில் செய்த பொய்ச் சத்தியத்தையும் விசாரிப்பார்கள், அவளுடைய விசாவே செல்லாது என்று சொன்னாலும் சொல்வார்கள் என்றார். கடன் தீராத வீடு, கைக்குழந்தை, என் வேலை எல்லாம் இருக்கிறது. மூன்று நாள் அந்தக் கவர் என் வேலைச் சட்டைப் பையில் இருந்தது. நாலாம் நாள் உலையில் போட்டுவிட்டேன்.

அனுப்பிவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு மூன்று வருஷம்கூட ஆகும் என்று சொன்னேன். நம்பிவிட்டாள். தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். காலம் போகப்போகச் சரியாகிவிடும்.

அக்காள், இனி சுகிர்தம் உன் பிள்ளை. தகப்பன் நான் சொல்கிறேன், வைத்துக்கொள். அவள் கேட்டால் எங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. மாமா என்றே இருக்கட்டும். மச்சான் மனம் கோணாமல் நான் மாதாமாதம் அனுப்புவதை அனுப்பிக்கொண்டிருப்பேன்.

உன் தம்பி
ஜெபதுரை


இன்பராணி, மகள் சுகிர்தத்துக்கு (பள்ளிக்கூட விலாசத்துக்கு)

பர்மிங்காம்
6.6.1976

என் மகள் சுகிர்தத்துக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா கண்ணே? ஆகஸ்டில் உனக்கு ஒன்பது வயது முடிகிறது. ஐந்தாம் வகுப்புக்கு வந்திருப்பாய். இனி உனக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இதை நீயே படி. யாரிடமும் கொடுக்காதே.

உனக்கு நான் அத்தை இல்லை. உன்னைப் பெற்ற அம்மா. உனக்கு மூன்றரை வயதாகும்வரை என் பக்கத்தில்தான் படுத்தாய். இந்த ஊருக்கு வருவதற்காக எனக்குப் பிள்ளை இல்லை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் செய்த பாவம் அது. ஒரு வருஷத்தில் உன்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்கள், நம்பினேன்.

இரண்டு வருஷமாக ஒரு பதிலுக்குக் காத்திருந்தேன். போன மாதம் நானே ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். எங்களிடமிருந்து மேல்முறையீடு எதுவும் வரவில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கேட்டேன். "அனுப்பல" என்றார். "ஏன்?" என்றேன். தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நீ என் மகள். நீ இருக்க வேண்டியது என் வீட்டில். சாமுவேலுக்கு மூன்று வயது ஆகிறது. உன் படத்தைக் காட்டி உன்னைப் பற்றித்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்காக ஒரு அறை அப்படியே இருக்கிறது. உனக்கு வர விருப்பமா? விருப்பம் என்று உன் கையால் இரண்டு வரி எழுது. மறுபடியும் ஆபீஸ் படி ஏறுவேன். இந்த முறை தபாலை நானே பெட்டியில் போடுவேன்.

உன் அம்மா
இன்பராணி


சுகிர்தம், இன்பராணிக்கு

திருச்சுழி
25.7.1976

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும் சுகிர்தம் எழுதிக்கொள்வது.

நான் நலம். அம்மா, அப்பா நலம். நீங்களும் மாமாவும் சாமுவேலும் நலமா?

நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதத்தை டீச்சர் என்னிடம் கொடுத்தார்கள். ஸ்டாம்பை எல்லோரும் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. நீங்கள் சேர்த்துச் சேர்த்து எழுதியிருந்தீர்கள். எனக்கு மேல்வரி மட்டும்தான் வாசிக்க வந்தது. அதனால் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா முதலில் மனசுக்குள் முழுவதும் வாசித்தார்கள். ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள்.

அத்தை, நீங்கள் என்னை சாமுவேலுக்குப் பெண் கேட்டு எழுதியிருக்கிறீர்களாமே. எனக்குச் சிரிப்பாக வந்தது. "மேல மகள்னு போட்டிருக்கே"ன்னு கேட்டேன். "மருமகளா வாரவளை மகள்னுதான் எழுதுவாக"ன்னு அம்மா சொன்னார்கள். "அவன் மூணு வயசுப் பையன்ல. நான் பெரியவள்ல"ன்னேன். "மாமன் மகன்தான, முறைதான. அந்த ஊர்ல வயசெல்லாம் பாக்க மாட்டாக"ன்னு சொன்னார்கள். அப்பா கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் பெத்தம்மாளும் தங்கத்தாயும் என்னை லண்டன் மருமக என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்கு ஒரு அறை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்களாம். சம்மதமா என்று கேட்டு இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறீர்களாம். மாட்டேன் என்று எழுதினால் அத்தை வருத்தப்படுவாக, சரின்னு எழுது என்று அம்மா சொன்னார்கள். அதனால் சரி என்று எழுதுகிறேன்.

ஆனால் கல்யாணம் முடிந்த பிறகும் நான் அங்கே வர மாட்டேன். சாமுவேல்தான் இங்கே வர வேண்டும். எனக்கு அம்மாவை விட்டு இருக்க முடியாது.

சாமுவேல் போட்டோ இருந்தால் அனுப்புங்கள். மாமாவுக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு
தங்கள் மருமகள்
செ. சுகிர்தம்